பாலன் குடியிருப்பின் முதற்பொங்கல்

உயிரோடு இருக்கும்போதே தன் பெயரில் ஓர் ஊரைப் பார்க்கும் பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது. பாலேந்திரனுக்கு வாய்த்திருந்தது. ஒஸ்லோவில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் வாக்மெஸ்தர். குழாய் ஒழுகினாலும் அவர்தான், வாசலில் பனி வழிப்பதும் அவர்தான், கதவுப் பூட்டுக்குள் யாரோ சூயிங்கம் அடைத்துவிட்டால் குண்டூசியோடு குந்தியிருந்து கிண்டி எடுப்பதும் அவர்தான். ஆனால் மன்னார்ப் பக்கம், ஆற்றோரமாக, பாலன் குடியிருப்பு என்று ஓர் ஊர் இருக்கிறது. பாலன் என்பது அவருடைய இயக்கப் பெயர். போர் முடிந்து, சந்திக்குச் சந்தி பெயர்ப்பலகைகளைப் பிடுங்கித் திரிந்த காலத்திலும் இந்தப் பெயரை யாரும் தொடவில்லை. அது பாலன் யேசுவின் பெயர் என்று ஆமிக்காரர் நினைத்துவிட்டதாக ஒரு கதை உண்டு. ஒஸ்லோவில் இருக்கிற ஊர்ச்சங்கத்துச் செயலாளர் கிளெமென்ற் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பாலேந்திரனும் கூடச் சிரிப்பார்.

ஒஸ்லோவின் ஓரத்தில், ஹொல்ம்லியாவில், அவருடைய வீட்டு வரவேற்பறையில், சோபாவுக்கு மேலே, அந்த ஊரின் முதற்பொங்கல் படம் தொங்குகிறது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நிற்கிறவர் இளம் பாலன். பானைக்குப் பக்கத்தில் அகப்பையோடு குந்தியிருக்கும் மெல்லிய பெட்டைதான் மங்களேஸ்வரி, பிறகு அவருக்கு மனைவியானவர். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய தம்பி. சுற்றிவரத் திருகோணமலைப் பக்கமிருந்து வீடு எரிந்து, மாற்றுத்துணி இல்லாமல் ஓடிவந்த குடும்பங்கள். எல்லாருக்கும் பின்னால் வரிசையாகத் தென்னைகள், குலை குலையாய்த் தேங்காயோடு.

குடும்பங்கள் அங்கே வந்து இறங்கியது ஐப்பசியில். படம் எடுத்தது தையில்.

இதைக் கணக்குப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வளவில் ஒரு தென்னம்பிள்ளை நட்டுத் தண்ணீர் ஊற்றிய எவருக்கும் தெரியும், வைத்த மூன்றாம் மாதம் தென்னை காய்க்காது. அந்த வீட்டுக்கு முப்பது வருடங்களாக எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். எல்லாரும் படத்தைப் பார்ப்பார்கள். ஒரு கணம் கூடுதலாகவே பார்ப்பார்கள். பிறகு, “அது ஒரு காலம்” என்று சொல்லிவிட்டு, படத்துக்கு முதுகைக் காட்டிச் சோபாவில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த மரங்களை யார் வைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நாகரிகமான சனம்.

மரங்களை வைத்தவர்கள் வேறு ஆட்கள். ஐந்து வேளையும் தொழுகிற, வீட்டில் தமிழே பேசுகிற, ஆற்றோரத்தில் இரண்டு தலைமுறையாய்த் தோட்டம் செய்த ஆட்கள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, மத்தியானத்துக்கு முன் எழும்பிப் போகச் சொல்லி அவர்களுக்குக் கட்டளை போனது. கட்டளையைக் கொண்டுபோனவர் பாலன். எல்லாரும் போனார்கள். கலந்தர் என்ற ஒரு கிழவர் மட்டும் போகவில்லை. கலந்தரைப் பற்றிய மிச்சத்தைப் பாலேந்திரன் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்வதில்லை. குடும்பங்கள் வந்து இறங்குமுன் அவர் ஆட்களை விட்டு வீடுகளைக் கூட்டிக் கழுவி, எல்லாவற்றையும் துப்புரவாக்கி வைத்திருந்தார். ஆகவே மங்களேஸ்வரிக்கு எதுவும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மேல்தான் கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, கடனே என்றில்லாமல் சந்தோஷமாகவே வாழ்ந்தார்.

அந்தப் பிள்ளைதான் ஆரணி. ஒஸ்லோவில் பிறந்தவள். அவளைப் பொறுத்தவரை தேங்காய் என்பது தமிழ்க்கடையில், வலைப்பைக்குள், முடி பிடுங்கிய கோலத்தில் இருக்கிற ஒரு சாமான். அது எந்த வயதில் எந்த மரத்தில் வருகிறதென்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, தன் மாஸ்டர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆள்தான் இந்தக் குடும்பத்தின் தலையில் வந்து விடிந்தவன்.

அவன் பெயர் கப்டன் தோரெ ஹெல்லன், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தின ஆள். நோர்வேயில் ஹாடெலான்ட் பக்கம், கல்லைத் தவிர வேறொன்றும் விளையாத ஒரு தோட்டத்தில் ஏழாவது பிள்ளை. பன்னிரண்டு வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். போகிற வழியில் தாய் காய்ச்சலில் செத்துப்போக, பாய்த்துணியில் சுற்றிக் கடலில் போட்டார்கள். இருபது வயதில் அமெரிக்க வடபகுதிப் படையில் சேர்ந்தான். அடிமைகளை விடுவிக்கும் போரில் இடது காதைக் கொடுத்தான். அந்த வரைக்கும் ஆரணிக்கு அவனை நன்றாகப் பிடித்திருந்தது. சாப்பாட்டு மேசையில், “பாவம் அப்பா, உங்களை மாதிரியே சின்ன வயசிலை வீட்டை விட்டுப் போனவன்” என்று சொல்லுவாள். பாலேந்திரனுக்கும் ஒற்றைக்காதன் மேல் ஒரு பிரியம் உண்டாகியிருந்தது. போர் முடிந்ததும் அவன் குதிரைப்படையோடு மேற்கே போனான். அதன் பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டு, பசியால் வாடிய நோர்வேக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டுபோய், ஓர் ஆறு வளைகிற இடத்தில் ஊர் அமைத்தான். ஆலயம், மா ஆலை, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டினான். முதல் நகரபிதாவும் அவனே. வயதாகி, கட்டிலில், பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்கச் செத்தான். ஊர் நடுவில் வெண்கலச் சிலை நிற்கிறது. இங்கே ஹாடெலான்டிலும் ஒரு நினைவுக்கல் உண்டு. கோடையில் அமெரிக்காவிலிருந்து அவன் சந்ததி வந்து கல்லுக்கு முன்னால் நின்று வாஃபில் தின்றுவிட்டுப் போகும்.

ஆரணி அந்த ஊருக்குப் போய் ஒரு கோடை முழுவதும் தங்கினாள். திரும்பி வந்தவளின் முகம் வேறாயிருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் மடிக்கணினியைத் திறந்து ஒரு பழைய படத்தைக் காட்டினாள். ஹெல்லனும் குடியேறியவர்களும் முதல் அறுவடைக்கு நன்றி சொல்லி எடுத்த படம். அவர்களுக்குப் பின்னால் சோளம், ஆள் உயரத்துக்கும் மேலே, முற்றிய பொத்திகளோடு.

“இந்த ஆக்கள் அங்கை போனது செப்டெம்பரிலை. படம் ஒக்டோபரிலை. சோளத்தை விதைச்சது ஆர்?” என்று கேட்டாள்.

இடியப்பத்தைப் பிசைந்த பாலேந்திரனின் கை நின்றுவிட்டது. அவளே பதிலும் சொன்னாள். முந்தின கோடையில் அந்த ஆற்று வளைவில் பூர்வகுடிகளின் கிராமம் ஒன்று இருந்திருக்கிறது. விடியப்புறம் குதிரைப்படை போயிருக்கிறது. போனது ஹெல்லனின் அணி. மிஞ்சிய ஓரிருவர் அடுத்த வசந்தத்தில் களவாகத் திரும்பி வந்து விதைத்துவிட்டு, மறுபடி துரத்தப்பட்டிருக்கிறார்கள். அந்தச் சோளத்தைத் தின்றுதான் நோர்வேச் சனம் முதல் மாரியைத் தாண்டியது. ஹெல்லன் தன் நினைவுக் குறிப்பில் அதைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வசனம். அதை ஆரணி தமிழாக்கிச் சொன்னாள்: நாங்கள் போனபோது அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

ஊர் அமைத்த ஆட்களின் குறிப்புகளை எல்லாம் வரிசையாய் வாசித்துவிட்டேன், எல்லாருடைய வாயிலும் இந்த வசனம்தான் வருகிறது என்றாள். கேட்டது ஒன்றாயிருக்கும், பதில் இதுவாயிருக்கும். உண்மையிலேயே வெறுங்காணிக்குப் போனவனுக்கு இதைச் சொல்ல வேண்டிய தேவையே வராதாம். மங்களேஸ்வரி எழும்பிப் போய்ச் சொதிச் சட்டியைச் சூடாக்கினார். சொதி ஏற்கெனவே சூடாகத்தான் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பாலேந்திரன் வழக்கம்போல் விழுங்கிவிட்டு இருந்திருப்பார். முடியவில்லை. கெட்டவனைப் பற்றி மட்டும் எழுதினால் ஊர் அமைக்கிற எல்லாரும் கெட்டவர்கள் என்று ஆகிவிடும் என்பது ஆரணியின் புதிய கவலை. தன் ஆய்வு புத்தகமாக வரப்போகிறது, அதன் முன்னுரையில் அப்பாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்றாள். யாரிடமிருந்தும் எதையும் பறிக்காமல், வெறுங்காட்டில் தன் கையாலே கிணறு வெட்டி, ஏதிலிகளுக்கு ஊர் கொடுத்த ஒரு போராளி. ஹெல்லனுக்கு நேர் எதிரான மனிதர்.

 பாலேந்திரன் பயந்தது தன் பெயருக்காக என்றால் அது பாதிதான் உண்மை. துரத்தப்பட்ட சனம் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் கலந்தரின் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கும் எழுத வாசிக்கத் தெரியும். தான் சொன்ன பொய்யை மகள் தன் பெயரில் அச்சடித்து உலகத்துக்குக் கொடுக்கப்போகிறாள், ஒருநாள் அது அவள் முகத்தில் வந்து வெடிக்கும். வாயைத் திறந்தால் மகள் போய்விடுவாள். திறக்காவிட்டால் மகளின் பெயர் போய்விடும். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். முதல் தரம், “என்னைப் பற்றிப் போடாதை பிள்ளை” என்றார். அவள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவருடைய வழுக்கைத் தலையில் முத்தம் வைத்தாள். இரண்டாம் தரம், “அங்கை எல்லாம் நீ நினைக்கிற மாதிரி இல்லை” என்று தொடங்கினார். உங்களுக்குப் போரை நினைக்க வேதனையாயிருக்கும், கதைக்க வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை பெற்றால் இப்படியும் ஒரு கஷ்டம்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பின் முப்பத்தைந்தாவது ஆண்டுவிழாவை நகரின் மறுபக்கம், ரொம்மனில், ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். ஊர் வாசலில் ஒரு வரவேற்பு வளைவு கட்ட நிதி சேர்க்கும் விழா. பாலேந்திரனை மேடையில் இருத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். கிளெமென்ற் பாலன் யேசு கதையைச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்தார். பிறகு ஆரணி சேலையோடு மேடையேறி, திரையில் முதலில் ஹெல்லனின் படத்தைப் போட்டாள். காது போன கதையையும் கப்பல் கதையையும் அவள் சொன்ன விதத்தில் மண்டபம் கிறங்கிப்போயிருந்தது. சோளத்தைக் காட்டி, விதைத்தது யார் என்று கேட்டாள். பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். குதிரைப்படை கதை வந்தபோது பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்தவன் செய்த பாவத்துக்கு அழுவது எப்போதும் சுகமானதுதான்.

“இனி எங்கடை ஆளைப் பாருங்கோ,” என்று சொல்லி ஆரணி படத்தை மாற்றினாள்.

சோபாவுக்கு மேலே இருந்த படம் சுவர் முழுக்க விரிந்தது. இந்த அளவில் பாலேந்திரனும் அதைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு குலையையும் எண்ணலாம் போலிருந்தது. மூன்று மாதத்தில் எழும்பிய ஊர், ஒருவருடைய சோளமும் இதில் இல்லை என்று ஆரணி பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.  பாலேந்திரன் மேடையிலிருந்து சனத்தைப் பார்த்தார். எல்லாரும் தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராய்த் தங்கள் மடியைப் பார்த்தார்கள். இத்தனை பேருக்கும் இத்தனை காலமும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குச் சுட்டது.

கேள்வி ஏதும் உண்டா என்று ஆரணி கேட்டாள். இப்படியான விழாக்களில் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் திரைக்கும் கணினிக்கும் வயர் பூட்ட வந்திருந்த கிரிதருக்கு அந்த வழக்கம் தெரியாது. லில்லெஸ்ட்ரோமில் இருக்கிற, தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினி வேலைக்காரர். நல்ல மனிதர். ஆசையாகக் கையைத் தூக்கினார்.

“ஐயா, ஒரு சின்ன சந்தேகம். எங்களுக்குப் பொள்ளாச்சிங்க, வீட்ல தென்னந்தோப்பு இருக்கு. இந்த மாதிரி நெட்டை மரம் காய்க்கவே ஆறேழு வருஷம் ஆகும். நீங்க போய் மூணு மாசம்தான் ஆச்சுன்னு மேடம் சொன்னாங்க. அப்ப இந்த மரத்தையெல்லாம் யாருங்க வெச்சது?”

ஆரணி சிரித்த முகத்தோடு அப்பாவின் பக்கம் திரும்பினாள். அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அவரிடம் அழகான ஒரு பதில் இருக்கும், அதையும் முன்னுரையில் சேர்க்கலாம் என்ற நினைப்பு அந்த முகத்தில் தெரிந்தது. கிளெமென்ற் ஓடிவந்து ஒலிவாங்கியைக் கொடுத்தார். கொடுக்கும்போது பாலேந்திரனின் தோளை மெல்ல அழுத்தினார். சொல்லித் தொலைத்து முடி என்பதுதான் அந்த அழுத்தலுக்கு அர்த்தம்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. மனிதர் வாயைத் திறந்தார். முப்பத்தைந்து வருடமாய் நாக்கின் அடியில் கிடந்த வசனம் தானாகவே வந்து விழுந்தது.

“அது காட்டுக்காணி தம்பி. நாங்கள் போகேக்கை அங்கை ஒருத்தரும் இருக்கேல்லை.”

பின்வரிசையில் கைதட்டல் தொடங்கியது. முன்வரிசைக்கு வருமுன் அது பெருமழையாகிவிட்டது. அவ்வளவு ஆறுதல் சனத்துக்கு. “ஓ, சரிங்கய்யா” என்று கிரிதர் இருந்துவிட்டார். ஆரணி மட்டும் கைதட்டவில்லை. அவள் அப்பாவைப் பார்த்தபடியே நின்றாள். சிரிப்பு முகத்திலிருந்து இறங்க மறந்து கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு திரும்பித் திரையைப் பார்த்தாள். ஹெல்லனின் படத்தை அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படி, மூலையிலிருந்து மூலைக்கு, மெதுவாகப் பார்த்தாள்.

விழா முடிந்து மட்டன் ரோலும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். கிரிதர் வந்து, ஏதும் தப்பாகக் கேட்டுவிட்டேனா என்று ஆரணியிடம் விசாரித்தார். இல்லை, அது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்று அவள் சொன்னதைப் பாலேந்திரன் கேட்டார். நாலு பேர் வந்து கையைக் குலுக்கி, நல்லாய்ச் சொன்னீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். அவர் பொன்னாடையைக் கழற்றி நாலாய் மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். மனைவியும் மகளும் அவரும் சுரங்க ரயிலில் ஒஸ்லோ மத்திய நிலையம் வரைக்கும் வந்து ரயில் மாறினார்கள்.

ஹொல்ம்லியா ரயிலில் கூட்டமில்லை. எதிரும் புதிருமான இருக்கைகளில், அவரும் ஆரணியும் ஒரு பக்கம், மங்களேஸ்வரி எதிரில் யன்னலோரம் என்று இருந்தார்கள். வெளியே அப்போதே இருட்டிவிட்டது. ஆரணி, தென்னையைப் பற்றிக் கேட்பாள் என்று பாலேந்திரன் பயந்துகொண்டிருந்தார். அதற்குச் சொல்ல இன்னொரு பொய்யும் தயாராயிருந்தது. ஆனால் அவள் படித்த பிள்ளை. அவள் கேட்டது வேறு.

“காய்க்கிற தென்னை நிண்ட வளவெண்டால் அங்கை ஏற்கெனவே ஒரு கிணறு இருந்திருக்கும். பிறகு ஏன் அப்பா நீங்கள் புதுக்கிணறு வெட்டினனீங்கள்?”

அவர் தன் வாழ்நாள் முழுவதும் பெருமைப்பட்டது அந்தக் கிணற்றை நினைத்துத்தான். ஊர்ச்சனம் பாட்டுக் கட்டியதும் அந்தக் கிணற்றின் மேல்தான். அதைப் பிடித்து அவள் இழுத்ததும் மனிதரிடம் ஒரு பொய்யும் மிஞ்சவில்லை. 

“பழைய கிணத்திலை தண்ணி அள்ளேலாமல் இருந்தது,” என்றார்.

“ஏன்?”

“கலந்தர் எண்டு ஒராள். கிணத்துக் கட்டிலை குந்தியிருந்தவர். மரத்தை விட்டிட்டு வரமாட்டன் எண்டார்.” ரயில் ஹௌகெத்தோ நிலையத்தில் நின்று, யாரோ இறங்கி, கதவு மூடியது. “அவர் அதுக்குள்ளைதான் பிள்ளை. மண்ணைப் போட்டு மூடினனாங்கள்.”

“ஆர் சுட்டது?”

“பாலன்,” என்றார். அந்த நேரத்திலும் மனிதர் மற்றப் பெயரைத்தான் சொன்னார்.

ஆரணி அழவில்லை. அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் தன் கைப்பையை மடியிலிருந்து எடுத்து, அவருக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள்.

“நான் எழுதாமல் விடமாட்டன் அப்பா. முன்னுரையிலை இல்லை. உள்ளுக்கு, கப்டனுக்குப் பக்கத்திலை.”

மங்களேஸ்வரி அதுவரைக்கும் யன்னல் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “மெல்லக் கதையுங்கோ. தமிழ் ஆக்கள் ஏறுவினம்,” என்றார். பாலேந்திரன் பதறிப்போய் மனைவியின் கையைப் பிடித்தார். உன்னை நான் ஏமாற்றிவிட்டேன், உனக்கு இது ஒன்றும் தெரியாது என்று சொல்லத் தொடங்கினார். மங்களேஸ்வரி அந்தக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

“எழுதிறதெண்டால் ஒழுங்கா எழுது பிள்ளை. நாங்கள் போய் இறங்கின அண்டைக்கு வீட்டுக்குப் பின்னாலை கொடியிலை ஒரு சின்னப் பெடியன்ரை சட்டை கிடந்தது. உன்ரை அப்பாவின்ரை ஆக்கள் எடுக்க மறந்திட்டினம். என்ரை அம்மா அதை எடுத்துத் தம்பிக்குப் போட்டுப் பார்த்தவ. அளவாயிருந்தது.”

ஹொல்ம்லியா என்று ஒலிபெருக்கி சொன்னது. மங்களேஸ்வரி எழும்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குரலை இன்னும் தாழ்த்திச் சொன்னார்.

“படத்திலை அவன் போட்டிருக்கிறது அதுதான்.”